பீங்கான் வந்த பாதை: பஸராவிலிருந்து மொன்டெலூப்போ வரை

ஓசூரில், கர்நாடக எல்லையை நோக்கிச் செல்லும் சாலையோரத்துப் பழைய சாமான் கடையொன்றில் நாம் ஒரு நீலச் சாடியைக் கண்டோம். ஆலைகள் சூழ்ந்த அந்நகரில் இத்தகைய கடைகளுக்குக் குறைவில்லை. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் ஆலைகள் கழித்துவிடும் இரும்பும் செம்புக் கம்பியும் இவற்றின் முதன்மைச் சரக்காக விளங்குகின்றன. அவற்றுக்கு இடையே, பெங்களூரில் இடிக்கப்படும் பழைய பங்களாக்களின் கதவு, நாற்காலி, விளக்கு முதலியனவும் எல்லை தாண்டி வந்து சேர்கின்றன. நாம் காயலான் கடை என்பதை எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் குஜரி என்பர். காயல்பட்டினத்து வணிகரின் பெயரையொட்டியே நம் சொல் பிறந்தது எனக் கூறப்படுவதை வாசகர்கள் அறிவர்.

அச்சாடி ஒரு முழ உயரம் இருந்தது. நீலமும் பசுமையும் ஒன்றினுள் ஒன்று கரையும் மெருகு. அதனடியில் வட்டமும் முக்கோணமும் சிறு கோடுகளுமாக, ஈர மண்ணில் அச்சுக்களைக் கையால் அழுத்திய தடங்கள் வரிசை வரிசையாகச் சென்றன. கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் தூரிகையால் எழுதிய ஓர் எண்ணும், இத்தாலி என்னும் நாட்டுப் பெயரும் ஆங்கில எழுத்தில் இருந்தன. செய்தவர் பெயர் இல்லை. “விலாயத்துச் சரக்கு பாய், பெங்களூருல ஒரு பங்களா இடிச்சப்ப வந்தது” என்பதற்கு மேல் கடைக்காரருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அச்சாடிக்குப் பின்னால் பெரிய பீங்கான் தாலாக்கள் ஆறு அடுக்கப்பட்டிருந்தன. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பத்தார் பித்தளைத் தேக்சாக்களை எடைக்குப் போட்டபோது, இவற்றையும் சும்மா கொடுத்துச் சென்றனராம். பித்தளையை உருக்கலாம், சுட்ட மண்ணை மீண்டும் உருக்கிப் பாத்திரமாக்க இயலாது. ஆதலால் காயலான் கடையின் தராசில் பீங்கானுக்கு விலையில்லை. அத்தாலாக்களின் அடியில் சிவப்பு வண்ணத்தால், உருது எழுத்தில் ஒருவருடைய பெயரும் 1371 என்னும் ஹிஜ்ரி ஆண்டும் எழுதப்பட்டிருந்தன. அது கி.பி. 1951-52 ஆகும். நீலச் சாடியும் ஏறத்தாழ அந்தப் பத்தாண்டுக்கு உரியதே.

ஒன்றன் அடியில் எண், மற்றதன் அடியில் பெயர். இவ்விரண்டையும் படிக்க முயன்றதன் விளைவே இக்கட்டுரை.

ஒரு சொல்லின் பயணம்

பீங்கான் என்னும் சொல்லை நாம் தமிழ்ச் சொல்லாகவே வழங்கி வருகிறோம். ஆயின் அது பார்ஸி மொழியின் பிங்கான் என்பதிலிருந்து வந்தது. கிண்ணம் என்பது அதன் பொருள். அதே சொல் அரபியில் ஃபின்ஜான் ஆகி, இன்றளவும் கஹ்வா அருந்தும் சிறு கிண்ணத்தைக் குறிக்கிறது. சிங்களத்தில் தட்டைக் குறிக்கும் பிங்கான என்பதும் இதற்கு உறவே. சீனத்துக் கலங்களைக் கடல்வழியே கொணர்ந்தவர்களின் மொழி, கலத்தோடு கூடவே வந்து நம் அடுக்களையில் தங்கிவிட்டது.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் விருந்தில் பலர் சூழ்ந்திருந்து உண்ணும் பெருந்தட்டைச் சஹன் என்பர். இது அரபியில் தட்டைக் குறிக்கும் ஸஹ்ன் ஆகும். பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் இறைவசனங்களை எழுதிக் கரைத்துப் பருகும் வழக்கமும் நம்மிடையே இருந்துள்ளது. அதன் மார்க்கத் தகுதியைப் பற்றி ஈண்டு நாம் பேச வரவில்லை. பாத்திரம் நம் வாழ்வில் பெற்றிருந்த இடத்தைச் சுட்டவே இதனைக் குறிப்பிட்டோம்.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் நலம். பேச்சில் மெருகிட்ட கலங்கள் அனைத்தையும் பீங்கான் என்றே சொல்கிறோம். உண்மையான பீங்கான், கயோலின் என்னும் வெண்களிமண்ணை ஏறத்தாழ 1,300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டுப் பெறுவது. அது வெண்மையானது, கெட்டியானது, நீரை உறிஞ்சாதது. நாம் கண்ட இத்தாலியச் சாடியோ குறைந்த வெப்பத்தில் சுட்ட சாதாரண மண்கலம். அதன் மேனியெழில் முழுவதும் மேலுள்ள மெருகால் அமைந்தது. அந்த மெருகின் வரலாறு இத்தாலியில் தொடங்கவில்லை.

பஸராவின் வெண்மை

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், அதாவது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், சீனத்து வெண்கலங்கள் அப்பாஸியரின் இராக்கை வந்தடைந்தன. 836 முதல் 892 வரை தலைநகராக இருந்த சாமர்ராவில், ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெர்ஸ்ஃபெல்ட் 1911 முதல் 1913 வரை நடத்திய அகழாய்வில் சீனக் கலங்களும் இராக்கியக் கலங்களும் ஒரே இடத்தில் கிடைத்தன. அவ்வணிகத்தின் அளவை 1998-இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டறியப்பட்ட மூழ்கிய கப்பல் காட்டுகிறது. பலகைகளைக் கயிற்றால் தைத்து அமைத்த அந்த அரபுவகை மரக்கலத்தில் ஏறத்தாழ 60,000 கலங்கள் இருந்தன. அவற்றுள் ஒரு கிண்ணத்தில் கி.பி. 826-க்கு நேரான சீன ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது.

சீனத்து வெண்மையைப் பஸராவின் குயவர்கள் விரும்பினர். ஆனால் கயோலின் அவர்கள் மண்ணில் இல்லை. அவர்கள் கண்ட வழி இது: மெருகுக் கலவையில் வெள்ளீயச் சாம்பலைச் சேர்த்தனர். அதன் நுண்துகள்கள் மெருகினுள் கரையாமல் நின்று ஒளியைச் சிதறச் செய்வதால், கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டிய மெருகு பால்போல் வெளுக்கிறது. அடியில் உள்ள மண் மஞ்சளாயினும் சிவப்பாயினும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவ்வெண்மையின் மேல் கோபால்ட்டைக் கொண்டு நீல எழுத்துக்களையும் இலைகளையும் வரைந்தனர்.

அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. ஒருமுறை மெருகிட்டுச் சுட்ட கலத்தின்மேல் வெள்ளி, செம்பு ஆகியவற்றின் சேர்மங்களால் எழுதி, புகை நிறைந்த சூளையில் குறைந்த சூட்டில் மறுபடியும் சுட்டனர். ஆறியபின் துடைத்தால் எழுத்துப் பொன்போல் மின்னியது. பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்ணலும் பருகலும் நபிமொழியில் தடுக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். இந்தப் பொன்னொளி மெருகின் தோற்றத்துக்கு அத்தடையும் ஒரு தூண்டுதல் என்று கருதும் வரலாற்றாசிரியர் உளர். வேறு காரணங்களை முன்வைப்போரும் உளர். எவ்வாறாயினும், துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலில் மிஹ்ராபைச் சூழ்ந்து பதிக்கப்பட்டுள்ள ஒன்பதாம் நூற்றாண்டு ஓடுகளில் அம்மெருகை இன்றும் காணலாம்.

இவ்வணிகப் பாதை நம் கரையையும் தொட்டது. மன்னார்க் கரையின் மாந்தையில் வளைகுடா நாடுகளின் நீலப்பச்சை மெருகுச் சாடித் துண்டுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் மேற்கொண்ட ஆய்வில் சீனக் கலங்களின் துண்டுகள் மிகுதியாகக் கிடைத்தன. பேராசிரியர்கள் எ. சுப்பராயலுவும் நொபொரு கராஷிமாவும் அவற்றை ஆராய்ந்து உலகறியச் செய்தனர்.

அந்தலூஸிலிருந்து இத்தாலிக்கு

பஸராவின் நுட்பம் எகிப்தின் ஃபுஸ்தாத்துக்கும், பின்னர் முஸ்லிம் ஸ்பெயினான அந்தலூஸுக்கும் பரவியது. 1340-களில் மதுரைச் சுல்தானகத்துக்கு வந்து சென்ற இப்னு பதூதா, 1350-இல் மாலகா நகரைக் கண்டார். அங்கே செய்யப்படும் பொன்னிறக் கலங்கள் தொலைதூர நாடுகளுக்கெல்லாம் செல்கின்றன என்பதை அவர் தம் பயணக் குறிப்பில் பதிவு செய்துள்ளார். மாலகாவின் கைத்திறம் வலென்சியாவை அடுத்த மனீஸெஸ் என்னும் ஊரிலும் வேரூன்றியது.

இத்தாலியர் இக்கலங்களை எவ்வளவு மதித்தனர் என்பதற்குப் பீசா நகரத் தேவாலயங்களே சான்று. பதினோராம் நூற்றாண்டு முதல் அவற்றின் வெளிச்சுவர்களில், மணிக்கல் பதிப்பதுபோல், முஸ்லிம் நாடுகளின் மெருகுக் கிண்ணங்களைப் பதித்தனர். மூலக் கிண்ணங்களுள் மிகப்பல இன்று அந்நகரின் சான் மத்தேயோ அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஸ்பெயினின் கலங்கள் மஜோர்க்காத் தீவின் வழியே இத்தாலி வந்தமையால், வெள்ளீய மெருகுக் கலத்துக்கு மயோலிக்கா என்னும் பெயர் ஏற்பட்டது என்பர்.

காலப்போக்கில் இத்தாலியர் தாமே அவற்றைச் செய்யக் கற்றனர். ஃபயன்ஸா, தெருத்தா, மொன்டெலூப்போ ஆகிய ஊர்கள் அதனால் புகழ்பெற்றன. இவற்றுள் மொன்டெலூப்போ, ஃப்ளோரன்ஸுக்கும் பீசாவுக்கும் இடையே ஆர்னோ ஆற்றங்கரையில் உள்ளது. அங்கே வனைந்த கலங்கள் ஆற்றுவழியே பீசா சென்று கப்பலேறின. பஸராவில் ஒன்பதாம் நூற்றாண்டில் ஏற்றிய சூளையின் நெருப்பு கைமாறிக் கைமாறி வந்துசேர்ந்த ஊர் அது. நம் நீலச் சாடியும் அவ்வூர்ச் சாடிகளின் சாயலையே கொண்டிருந்தது.

போருக்குப் பிந்திய மொன்டெலூப்போ

இரண்டாம் உலகப்போர் இத்தாலியின் தொழில்களைச் சிதைத்தது. ஃபயன்ஸாவில் 1908-இல் நிறுவப்பட்ட பன்னாட்டு மண்கல அருங்காட்சியகமே 1944-இல் குண்டுவீச்சுக்கு இரையாகிப் பின்னர் மீட்டெழுப்பப்பட்டது. பெரிய ஆலைகளுக்கு முதலீடு கிடைக்காத அக்காலத்தில், மண்ணும் விறகும் கைத்திறமும் உள்ள சிறு பட்டறைகள் முதலில் எழுந்து நின்றன. அமெரிக்கச் சந்தை அவற்றுக்குத் துணை நின்றது. நியூயார்க்கின் ரேமோர் நிறுவனத்தை நடத்திய இர்விங் ரிச்சர்ட்ஸ் போன்ற இறக்குமதியாளர் இத்தாலியக் கலங்களை அந்நாட்டு வீடுகளில் கொண்டுசேர்த்தனர்.

மொன்டெலூப்போவில் கீதோ பிட்டோஸி 1921-இல் தொடங்கிய பட்டறை இவ்வகையில் முதன்மையானது. போருக்குப் பின் அதன் கலைப்பொறுப்பை ஏற்றவர் ஆல்டோ லோண்டி (1911-2003). 1950-களில் அவர் உருவாக்கிய ‘ரிமினி ப்ளூ’ என்னும் வரிசையே இன்று சேகரிப்போரிடையே பெரிதும் அறியப்பட்டது. பச்சை மண்ணில் சிறு அச்சுக்களைக் கையால் அழுத்திக் கோலம் அமைப்பது, அதன்மேல் நீலமும் பசுமையும் கலந்த மெருகை இடுவது, பள்ளங்களில் மெருகு தேங்கி அடர்ந்தும் மேடுகளில் மெலிந்தும் சூளையில் தானே ஒளிநிழல் அமைய விடுவது ஆகியன அதன் முறை. ஃப்ளோரன்ஸின் மார்ச்செல்லோ ஃபந்தோனி, வியெத்ரி என்னும் கடற்கரை ஊரிலிருந்து அங்கு வந்த கீதோ கம்போனே ஆகியோரும் அக்காலத்துப் பெரும் பெயர்கள்.

எத்தோரே சோட்சாஸ் (1917-2007) என்னும் கட்டடக் கலைஞரும் ரிச்சர்ட்ஸின் வேண்டுகோளால் 1950-களின் பிற்பாதியில் பிட்டோஸி பட்டறையில் கலங்கள் வடிவமைக்கலானார். 1961-இல் அவர் இந்தியாவில் பயணம் செய்தார். திரும்பிய பின் சிறுநீரக நோய் அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டுசென்றது. அமெரிக்காவில் மருத்துவம் பெற்று மீண்ட பின், 1963-இல் ‘இருளின் கலங்கள்’ என்னும் வரிசையையும், 1964-இல் ‘சிவனுக்குக் காணிக்கை’ என்னும் தட்டுகளின் வரிசையையும் படைத்தார். இவ்வாறு இந்தியாவும் மொன்டெலூப்போவின் சூளைக்குள் சென்று சேர்ந்தது.

அடிப்புறத்தைப் படித்தல்

பழங்கலம் சேகரிப்போர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அடியைப் பார்ப்பர். அக்கால இத்தாலியக் கலங்கள் பலவற்றில் ஆலையின் பெயர் இராது. மாதிரி எண்ணும் நாட்டின் பெயரும் மட்டுமே தூரிகையால் எழுதப்பட்டிருக்கும். இறக்குமதிப் பொருள்கள் எந்த நாட்டவை என்பது அவற்றின் மீதே குறிக்கப்பட வேண்டும் என அமெரிக்கா 1890-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் விதித்ததே நாட்டுப் பெயர் இடம்பெறுவதற்குக் காரணம். ஆலையின் பெயரோ இறக்குமதியாளரின் பெயரோ பெரும்பாலும் ஒட்டுத்தாளில்தான் இருந்தது. முதல் கழுவலிலேயே அது போயிருக்கும்.

பெயரில்லாத இவ்விடத்தில் வணிகர் பெயர் சூட்டிவிடுகின்றனர். அச்சுத்தடம் கொண்ட நீலக் கலம் எதுவாயினும் லோண்டி என்றும், வடிவம் சற்றுப் புதுமையாயின் சோட்சாஸ் என்றும் விலை கூறப்படுகிறது. அந்நாளிலேயே பிற பட்டறைகளும் பிற நாடுகளும் இவற்றைப் போலச் செய்தன. மேலும், ரிமினி ப்ளூ வரிசையைப் பிட்டோஸி நிறுவனம் நம் காலத்திலும் செய்து வருகிறது. புதியதைப் புதியது என்று விற்பதில் குற்றமில்லை. அதனையே அறுபது ஆண்டுப் பழமை எனச் சொல்லும்போது ஏமாற்று ஆகிறது.

ஆதலின் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும். கையால் அழுத்திய தடங்களில் ஆழமும் இடைவெளியும் சிறிதேனும் மாறுபடும். வார்ப்பச்சில் எடுத்த போலியில் எல்லாம் ஒன்றுபோலவும் விளிம்பு மழுங்கியும் இருக்கும். பல்லாண்டுகள் மேசையிலும் அலமாரியிலும் இருந்த கலத்தின் அடிவிளிம்பு தேய்ந்து, மெருகிடாத மண்ணில் அழுக்கு ஊறியிருக்கும். பானை வாங்கும் நம் தாய்மார் செய்வதுபோல் விரல் மூட்டால் தட்டினால், பிளவில்லாத கலம் கணீரென ஒலிக்கும். விரிசலுற்றது மந்தமாக ஒலிக்கும். மெருகில் மட்டும் காணும் நுண்வெடிப்புகள் குறையல்ல. மண்ணும் மெருகும் ஆறும்போது வெவ்வேறு அளவில் சுருங்குவதால் அவை தோன்றுகின்றன. உடைந்ததை ஒட்டி வண்ணம் பூசியிருந்தால், புற ஊதா விளக்கின்கீழ் அவ்விடம் பெரும்பாலும் வேறு நிறமாகத் தெரியும். பணத்தாளைச் சோதிக்கும் சிறுவிளக்கே இதற்குப் போதுமானது.

வேறொரு செய்தி உடல்நலம் பற்றியது. பழைய மண்கல மெருகுகளில் காரீயம் கலந்திருப்பது பரவலாகக் காணப்படுவது. புளிக்கரைசல், எலுமிச்சை ஊறுகாய் போன்ற புளிப்புப் பொருள்கள் அதனைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் கெடுக்கும் என்பது ஐயமற நிறுவப்பட்டது. எனவே இச்சாடிகள் காட்சிக்கு மட்டுமே உரியவை. அடுக்களைக்கு உரியவை அல்ல.

வணிகத்தின் ஒழுங்கு

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரமிருக்கக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கேட்ட நபிகளாரின் (ஸல்) நிகழ்ச்சியை நாம் அறிவோம். ஃபிக்ஹு நூல்கள் கியாருல் ஐப் என்னும் தலைப்பில் வகுத்துரைக்கும் உரிமையும் இங்குக் கருதத்தக்கது. விற்கும்போதே பொருளில் இருந்த குறையை அறியாமல் வாங்கியவர், பின்னர் அதனை அறிய வந்தால், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை பெறுகிறார். உட்பிரிவுகளில் வேறுபாடுகள் இருப்பினும், நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபும் கிருஷ்ணகிரிப் பகுதியில் பரவலான ஹனஃபி மத்ஹபும் இவ்வுரிமையை ஏற்கின்றன.

ஒட்டுப்போட்ட கழுத்தை வண்ணத்தால் மறைத்து விற்பது இவ்வகைக் குறையே. ஊகித்துச் சூட்டிய பெயரை உறுதிபோலச் சொல்லி விற்பதும் அதனை ஒத்ததே என்பது நம் கருத்து. ஏனெனில் இங்கு விலை பெரும்பகுதி பெயருக்கே தரப்படுகிறது. ‘இத்தாலி, 1950-60-கள், செய்தவர் உறுதியில்லை’ என்று எழுதி வைக்கும் வணிகருக்கு விலை குறையலாம். அவர் வாக்கின் மதிப்புக் குறையாது.

நாட்டின் சட்டத்தையும் சேகரிப்போர் அறிந்திருத்தல் வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் பொதுவாக நூறாண்டு கடந்த பொருள்களையே தொல்பொருளாகக் கொள்கிறது. அவற்றை விற்க உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. 1950-களின் கலங்கள் அவ்வெல்லைக்குள் இன்னும் வரவில்லை. ஆனால் கடற்கரை மேடுகளில் புதைந்து கிடக்கும் பழங்கலத் துண்டுகளைத் தோண்டியெடுத்துச் சேகரிப்பது வேறு செய்தி. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டிலிருந்தே உள்ள விதி. சட்டத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. துண்டு கிடந்த மண்ணடுக்கிலிருந்து அதனைப் பிரித்துவிட்டால், அதன் காலத்தைச் சொல்லும் முதன்மைச் சான்று அழிந்துவிடும். பெரியபட்டினத்தின் துண்டுகள் வரலாறாக மலர்ந்தது, அவை கிடந்த இடத்தோடு சேர்த்து ஆராயப்பட்டமையாலேயே.

பெயருள்ள தாலாக்கள்

சாடியையும் தாலாக்களையும் நாம் வாங்கி வந்தோம். சாடியின் வடிவத்தையும் எண் எழுதப்பட்டிருந்த பாங்கையும் அச்சுத்தடங்களையும், வெளியிடப்பட்டுள்ள கலப்பட்டியல்களின் படங்களோடு ஒப்பிட்டோம். பிட்டோஸி பட்டறையின் கலங்களோடு அவை நெருங்கி ஒத்துள்ளன. உறுதி என்று சொல்லமாட்டோம். ஆயினும் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. அந்நிறுவனம் தன் பழைய கலங்களை ஆயிரக்கணக்கில் தொகுத்து மொன்டெலூப்போவில் அருங்காட்சியகமாகப் பேணுகிறது. எழுபது ஆண்டுக்கு முன் ஒரு தொழிலாளி தூரிகையால் எழுதிய எண்ணைப் பற்றி, உலகின் மறுகோடியிலிருந்து ஒருவர் இன்று வினவ இயலுகிறது.

தாலாக்களுக்கு அத்தகைய இடம் எதுவும் இல்லை. செய்த ஆலையின் முத்திரை தேய்ந்து படிக்க இயலாதிருந்தது. அடியிலிருந்த பெயரைக் கொண்டு கிருஷ்ணகிரியில் விசாரித்தோம். மஃரிப் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் தாலாவைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். நிக்காஹ் விருந்துகளுக்கு மஹல்லா முழுதும் இரவல் செல்லும் தாலாக்கள் சில வீடுகளில் இருந்தன என்றும், திரும்பி வரும்போது மாறிவிடாதிருக்கவே அடியில் பெயர் எழுதினர் என்றும் அவர் கூறினார். எந்த வீட்டுத் தாலா என்பது மட்டும் அவர் நினைவுக்கு வரவில்லை.

அப்பெயரை எழுதியவர் தம் பொருளைக் காக்க எழுதினார் என்பது உண்மை. ஆயினும், கொடுப்பதற்காகவே வைத்திருந்த பொருளில்தான் அவ்வாறு எழுத நேரிடும். ஆறு தாலாக்களில் எத்தனை திருமணங்களின் உணவு பரிமாறப்பட்டதோ, அவற்றைச் சூழ்ந்து எத்தனை குடும்பங்கள் அமர்ந்தனவோ நாம் அறியோம். பெயர் தெளிவாக இருந்தும் அதனைப் படித்துச் சொல்ல ஆளில்லாத நிலை ஒரே தலைமுறையில் ஏற்பட்டுவிட்டது. நிலத்தின் மதிப்பு ஏறி, பழைய வீடுகள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழும் இவ்வெல்லைப் பகுதியில் இது விரைந்து நிகழ்கிறது. காரைக்குடியின் பழம்பொருள் வீதியில் செட்டிநாட்டு வீடுகளின் கலங்கள் விற்பனைக்கு வந்தது பலரும் அறிந்ததே. நம் வீட்டுக் கலங்கள் அவ்வாறு பேசப்படாமலே போய்க்கொண்டிருக்கின்றன.

எல்லாவற்றையும் வைத்துக் காப்பது இயலாது; அளவுக்கு மீறிச் சேர்ப்பதும் விரும்பத்தக்கதன்று. விற்க நேர்ந்தால் விற்கலாம். ஆனால் தேக்சாவும் தாலாவும் தராசுக்குப் போகுமுன், வீட்டிலுள்ள மூத்தவரை அருகமர்த்தி, இது யார் வாங்கியது, எங்கிருந்து வந்தது, எவ்விருந்தில் வைத்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதிவிடலாம். மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் கைப்பேசியால் படம் எடுத்து அதனோடு சேர்த்து வைக்கலாம். ஜமாஅத்துகள் தம் நிக்காஹ் பதிவேட்டின் பக்கத்தில் இத்தகைய குறிப்பேடு ஒன்றையும் வைத்தால், வருங்கால ஆய்வாளர் நன்றியோடு அதனைப் புரட்டுவர். இதற்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகமே.

சாடியும் தாலாக்களும் இப்போது நம் அலமாரியில் ஒரே தட்டில் உள்ளன. எண்ணுக்கு விடை தேடி மொன்டெலூப்போவுக்கு எழுத இருக்கிறோம். பெயருக்கு உரிய வீட்டைக் கிருஷ்ணகிரியில் தேடி வருகிறோம். அவ்வீட்டார் கிடைத்தால் தாலாக்கள் அவர்களிடமே திரும்பிச் செல்லும்.